படித்த நாவலும் பார்த்த படமும்

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன மாதம் போன் பண்ணினார். "உங்களுக்குப் பிடிச்ச எதைப் பத்தி வேணும்னாலும் இருபது நிமிஷம் பேசுங்க சார். முன்னேற்றம், தன்னம்பிக்கை எல்லாம் வேற ஆளுங்க பேசறாங்க" என்றார். தன்னம்பிக்கைக்கு என்னைக் கூப்பிட மாட்டார்கள் என்பது எனக்கு முன்பே தெரியும். அதனால் தைரியமாக ஒரு சண்டையைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். இந்தக் கல்லூரி விடுதியில் 1980-இல் நடந்த சண்டை. சண்டையின் இன்னொரு பாதி மூன்றாவது வரிசையில், கண்ணாடியைத் துடைத்தபடி உட்கார்ந்திருக்கிறது. பெயர் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

நாங்கள் 1978-இல் பி.எஸ்ஸி. பௌதிகத்தில் சேர்ந்தோம். அப்போது கல்லூரி வாசலுக்கு என்.சி.பி.எச். வேன் வரும். சோவியத் புத்தகங்கள் மலிவு விலையில் கிடைக்கும். மெஸ் பில்லுக்கு வைத்திருந்த காசில் பெரல்மான் வாங்கியவர்கள் இந்த அரங்கில் பலர் இருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தில்தான் விஞ்ஞானக் கதைப் பைத்தியம் எங்களைப் பிடித்தது. அசிமோவ், கிளார்க் எல்லாம் நூலகத்தில் ஒவ்வொரு பிரதிதான். அதற்கு முன்பதிவு, சிபாரிசு, கொஞ்சம் அடிதடி.

என் அறைத் தோழனின் மாமா சென்னையில் இருந்தார். மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகங்களாகப் பொறுக்கி அனுப்புவார். அப்படி வந்ததுதான் ஸ்டானிஸ்லாவ் லெம் எழுதிய 'சோலாரிஸ்'. பின்னட்டை இல்லாத ஆங்கிலப் பிரதி. லெம் போலந்துக்காரர். நாவல் வந்தது 1961-இல். இரண்டு பேரும் ஒரே வாரத்தில் முடித்தோம். பகலில் அவன், இரவில் நான்.

மாணவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சோலாரிஸ் என்று ஒரு கிரகம். அதற்கு இரண்டு சூரியன்கள், ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். கிரகத்தைச் சுற்றி ஒரே கடல். அந்தக் கடல் வெறும் தண்ணீர் இல்லை, ஒரு உயிர். கிரகம் அளவுக்குப் பெரிய ஒற்றை உயிர். நூறு வருஷத்துக்கும் மேலாக மனிதர்கள் அதை ஆராய்கிறார்கள், ஒன்றும் புரியவில்லை. கடலுக்கு மேலே மிதக்கும் ஆய்வு நிலையத்துக்குக் கெல்வின் என்ற மனோதத்துவ நிபுணர் போய்ச் சேருகிறார். அங்கே இருந்த மூவரில் ஒருவர் தற்கொலை செய்துகொண்டுவிட்டார். மற்ற இருவரும் எதற்கோ பயந்து ஒளிகிறார்கள். கெல்வின் தூங்கி எழுந்தால் அறையில் அவருடைய மனைவி உட்கார்ந்திருக்கிறாள். அவரோடு சண்டை போட்டுவிட்டுப் பத்து வருஷத்துக்கு முன்பு உயிரை மாய்த்துக்கொண்டவள்.

அவளைச் செய்து அனுப்பியது அந்தக் கடல். கெல்வினின் நினைவைத் துழாவி எடுத்துச் செய்திருக்கிறது. ஏன்? தண்டனையா, பரிசா, சோதனையா? அல்லது நாம் இருப்பதே அதற்குத் தெரியாதா? லெம் கடைசி வரை பதில் சொல்வதில்லை. நாவலில் கணிசமான பக்கங்கள் நிலையத்தின் நூலகத்திலேயே கழிகின்றன. சோலாரிஸைப் பற்றி எழுதப்பட்ட புத்தகங்கள், கொள்கைகள், கடலில் எழும் விசித்திர வடிவங்களுக்குப் பண்டிதர்கள் வைத்த பெயர்கள், ஒரு தலைமுறையின் கொள்கையை அடுத்த தலைமுறை குப்பையில் போடுவது, இப்படியே போகும். சாதாரண வாசகர் அந்த இடத்தில் கொட்டாவி விடுவார். எங்களுக்கோ அது அல்வா. நம் டிபார்ட்மென்டில் நடக்கும் சண்டையைப் போலவே இருந்தது. (பேராசிரியர்கள் மன்னிக்க வேண்டும்.)

முடிவில் கெல்வின் முதன்முறையாக நிலையத்தை விட்டு இறங்கி அந்தக் கடலோரத்தில் நிற்கிறார். கையை நீட்டுகிறார். அலை வந்து கையைச் சூழ்கிறது, ஆனால் தொடுவதில்லை. நடுவே மெல்லிய காற்றுப் படலம் விட்டு நிற்கிறது. அவ்வளவுதான். நூறு வருஷ விஞ்ஞானமும் ஒரு மனிதனின் துக்கமும் போய் நின்ற இடம் அந்த மெல்லிய இடைவெளி. இரவு இரண்டு மணிக்கு அதைப் படித்துவிட்டு நான் தண்ணீர்க் குழாயடிக்குப் போய் ஈரக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது. வாட்ச்மேன் என்னை விசாரித்தார்.

1980 ஜனவரியில் ஊரிலிருந்த திரைப்படக் கழகத்தார் தார்க்கோவ்ஸ்கியின் 'சோலாரிஸ்' படத்தைத் திரையிட்டார்கள். 1972-இல் எடுத்த படம். அந்த வருஷம் கான் விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பெரும் பரிசு வாங்கியது. பெட்டி சென்னையிலிருந்து வந்தது. ஒரு பள்ளிக்கூட ஹால், மடக்கு நாற்காலி, மூட்டைப்பூச்சி. இரண்டே முக்கால் மணி நேரப் படம். ரீல் மாற்றும் நேரத்தையும் கரண்ட் போன நேரத்தையும் சேர்த்தால் நாலு மணி நேரம் ஆகியிருக்கும்.

நாவல் தொடங்குவதே கெல்வின் விண்கலத்தில் இறங்குவதில்தான். படத்தில் முதல் முக்கால் மணி நேரம் அவர் பூமியை விட்டே கிளம்பவில்லை. அப்பா வீடு, குளம், செடி, குதிரை, மழை. பிறகு ஒரு கார் போகிறது. சுரங்கப் பாதை, மேம்பாலம், மறுபடி சுரங்கப் பாதை. நாலைந்து நிமிஷம் கார் மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது. அது டோக்கியோ நகரத்துச் சாலை என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். ஹாலில் யாரோ "ஹோல்டான்!" என்று கத்தினார்கள். நான்தான் என்று அவன் இன்றைக்கும் சொல்கிறான்.

நூலகப் பக்கங்கள் போச்சு. கடலின் வடிவங்கள் போச்சு. பண்டிதர் சண்டை பேருக்குக் கொஞ்சம். எஞ்சியது கெல்வின், மனைவி, குற்ற உணர்ச்சி. நான் கையில் நோட்டு வைத்துக்கொண்டு மாற்றங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். ஆமாம், நிஜமாகவே நோட்டு. பதினாறு வரை எண்ணினேன். "பேரைக்கூட மாத்திட்டாங்கடா! கதையில அவ பேரு ரேயா, இங்க ஹாரி. அங்க ஸ்னோ, இங்க ஸ்னாட்!" என்று இருட்டில் அவன் காதைக் கடித்தேன்.

கடைசிக் காட்சி. கெல்வின் தன் அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டது போலிருக்கிறது. ஜன்னல் வழியாக உள்ளே பார்க்கிறார். அப்பா இருக்கிறார். வாசலுக்கு வருகிறார். மகன் படிக்கட்டில் மண்டியிட்டு அப்பாவின் காலைக் கட்டிக்கொள்கிறான். கேமரா மேலே மேலே போகிறது. பார்த்தால் அந்த வீடு, தோட்டம், குளம் எல்லாம் சோலாரிஸ் கடலின் நடுவே ஒரு சின்னத் தீவு.

விளக்கைப் போட்டார்கள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் நோட்டை மூடிவிட்டுச் சொன்னேன்: "நாவல்ல அப்பான்னு ஒரு பாத்திரமே கிடையாதுடா. கடைசி அத்தியாயத்தை எடுத்துப் பாரு. இது சுத்த மோசடி."

அவன் பதில் சொல்லவில்லை. விடுதி வரைக்கும் இரண்டு மைல், சைக்கிளில் முன்னால் போய்விட்டான். மறுநாளிலிருந்து பேச்சு இல்லை. அந்தப் பருவம் முடிகிற வரை ஒரே அறையில் இருந்துகொண்டு பேசாமல் இருந்தோம். சோப்பு வேண்டுமென்றால் பக்கத்து அறைக்காரன் மூலம் தகவல் போகும். அவனுடைய அப்பா இறந்து அப்போது பத்து மாதம்கூட ஆகவில்லை. தந்தி வந்த அன்று அவனை பஸ் ஏற்றிவிட்டவன் நான். எனக்குத் தெரியாத விஷயமில்லை. ஆனாலும் இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. நான் பதினாறு மாற்றங்களை எண்ணுவதில் மும்முரமாக இருந்தேன்.

இது இப்படி இருக்கட்டும். என் பக்கத்து நியாயத்தையும் கொஞ்சம் கேளுங்கள். ஏனென்றால் அன்றைக்கு நான் தனி ஆள் இல்லை. நாவலை எழுதிய லெம்மே என் கட்சிதான். படப்பிடிப்புக்கு முன்னால் மாஸ்கோவில் பல வாரம் தங்கித் தார்க்கோவ்ஸ்கியோடு வாதாடிப் பார்த்தார். சரிப்படவில்லை, கோபித்துக்கொண்டு ஊர் திரும்பிவிட்டார். தன் நாவலை எடுப்பதற்குப் பதிலாகத் தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலை எடுத்துவிட்டார்கள் என்று பின்னாளில் குறைப்பட்டுக்கொண்டார். அந்த வீடும் உறவுக்காரர்களும் அவருக்கு ஆகவே இல்லை. 2002-இல் ஹாலிவுட்டில் ஸ்டீவன் சோடர்பெர்க் இதையே ஜார்ஜ் க்ளூனியை வைத்து மறுபடி எடுத்தபோதும், விண்வெளியில் நடக்கும் காதலைப் பற்றி நான் எழுதவில்லையே என்கிற பாணியில்தான் லெம் எழுதினார். 2006-இல் காலமாகும் வரை அவர் கட்சி மாறவில்லை.

விஞ்ஞான நாவல் வாசகனுக்கு மட்டும் படத்தின் மேல் ஏன் இவ்வளவு கோபம் வருகிறது? 'என் இனிய இயந்திரா' படித்த ஒவ்வொருவரும் மனசுக்குள் ஒரு ஜீனோ வளர்த்திருக்கிறோம். வேறொருவர் ஜீனோவைக் காட்டினால் "இது இல்லை" என்றுதான் முதலில் சொல்வோம். அது ஒரு காரணம், ஆனால் சின்னக் காரணம். எல்லாக் கதைக்கும் அது உண்டு. அசல் காரணம் வேறு என்று நினைக்கிறேன். நல்ல விஞ்ஞான நாவலில் கதாநாயகன் ஆள் அல்ல, ஒரு கேள்வி. 'இப்படி இருந்தால் என்ன ஆகும்?' என்கிற கேள்வி. படம் எடுப்பவர் ஆட்களை எடுத்துக்கொண்டு, சம்பவங்களை எடுத்துக்கொண்டு, கேள்வியை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார். சில சமயம் கேள்வியைத் தலைகீழாகக் கவிழ்த்தும் விடுகிறார்.

கவிழ்த்ததற்கு ஒரு நல்ல உதாரணம் சொல்கிறேன். ரிச்சர்ட் மாத்திசன் 1954-இல் 'ஐ ஆம் லெஜண்ட்' என்று ஒரு நாவல் எழுதினார். ஒரு நோய் பரவி உலகத்தில் எல்லோரும் ரத்தக் காட்டேரிகள் மாதிரி ஆகிவிடுகிறார்கள். நெவில் என்று ஒருவன் மட்டும் மிச்சம். ராத்திரி கதவை அடைத்துக்கொள்வான். பகலில் வெளியே போய்த் தூங்கிக்கொண்டிருக்கும் நோயாளிகளைத் தேடிக் கொல்வான். நாமும் அவன் பக்கம்தான் படித்துக்கொண்டு வருகிறோம். கடைசியில் தெரிகிறது, அந்த நோயோடு வாழக் கற்றுக்கொண்டு ஒரு புதிய சமூகமே உருவாகியிருக்கிறது. அவர்களுடைய கண்ணுக்கு, தூங்கும்போது வந்து கொன்றுவிட்டுப் போகும் பூதம் அவன்தான். நமக்கு டிராகுலா எப்படியோ, அவர்களுக்கு அவன் அப்படி. தலைப்பின் அர்த்தமே அதுதான்.

அந்த நாவல் மூன்று முறை படமானது. 1964 படத்துக்கு மாத்திசனும் திரைக்கதை எழுதினார். ஆனால் பிடிக்காமல் போய்த் தன் பெயரைப் போட விடவில்லை. புனைபெயரில்தான் வந்தது. 1971-இல் சார்ல்டன் ஹெஸ்டன் நடித்தது. 2007-இல் வில் ஸ்மித் நடித்ததை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அதில் அவர் நோய்க்கு மருந்து கண்டுபிடித்து, அதைக் காப்பாற்ற உயிரைக் கொடுத்து, மனித குலத்துக்கே தெய்வமாகிவிடுகிறார். அதனால் 'லெஜண்ட்'. தலைப்பு அதே தலைப்பு, அர்த்தம் நேர் எதிர். இதில் வேடிக்கை என்னவென்றால், நாவலின் உணர்வுக்கு நெருங்கிய இன்னொரு முடிவையும் அவர்கள் எடுத்தே வைத்திருந்தார்கள். நெவில் தான் செய்த காரியம் என்ன என்று உணர்ந்து விக்கித்து நிற்கும் முடிவு. முன்னோட்டமாகப் பார்த்தவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று அதை மாற்றிவிட்டு, பிறகு டி.வி.டி.யில் போனால் போகிறது என்று சேர்த்தார்கள். கதையின் உயிரை உபரிச் சரக்காகக் கொடுத்தால் வாசகனுக்குக் கோபம் வராதா?

அசிமோவுக்கு நடந்ததும் இதே ரகம். படைத்தவனையே இயந்திர மனிதன் கொல்லக் கிளம்பும் கதைகளைப் படித்துச் சலித்துப்போய்த்தான் அவர் தன் மூன்று விதிகளை வைத்து ரோபோ கதைகள் எழுதினார். அவற்றில் சில 1950-இல் 'ஐ, ரோபோ' தொகுப்பாக வந்தன. 2004-இல் அதே பெயரில் வந்த படத்தில் ஆயிரக்கணக்கான ரோபோக்கள் தெருவில் இறங்கி மனிதர்களை அடிக்கின்றன. உண்மையில் அது வேறொருவர் தனியாக எழுதிய திரைக்கதை. அசிமோவின் தலைப்பையும் சூசன் கால்வினையும் விதிகளையும் பிறகு அதன் மேல் ஒட்டினார்கள்.

ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 'டியூன்' 1965-இல் வந்தது. அது புரிவதற்கே புத்தகத்தின் பின்னால் அருஞ்சொற்பொருள் உண்டு. டேவிட் லிஞ்ச் 1984-இல் அதைச் சுமார் இரண்டேகால் மணி நேரத்தில் அடைத்தார். அமெரிக்காவில் சில தியேட்டர்களில் டிக்கெட்டோடு அருஞ்சொற்பொருளையும் அச்சடித்துக் கொடுத்தார்களாம். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் முடிவில் கதாநாயகன் பாலைவனக் கிரகத்தில் மழையை வரவழைத்துவிடுகிறான்! தலைவனைத் தெய்வமாக்காதே என்று எச்சரிக்க எழுதப்பட்ட நாவல் அது. அவன் தெய்வ வேஷம் போடும் மனிதன், தெய்வம் இல்லை என்று ஹெர்பர்ட்டே சுட்டிக்காட்டினார். போதாக்குறைக்கு அந்தக் கிரகத்து மணல் புழுக்களுக்குத் தண்ணீர் விஷம். மழை பெய்தால் கதையே செத்துப்போகும். 2021-இலும் 2024-இலும் டெனி வில்னெவ் எடுத்த இரண்டு பாகங்களில் அந்த எச்சரிக்கை ஓரளவு பிழைத்திருக்கிறது. கதையில் அவர் மாற்றியவை ஏராளம், ஆனால் எனக்கு நோட்டை எடுக்கத் தோன்றவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஃபிலிப் கே. டிக் 1968-இல் எழுதிய நாவலை 1982-இல் ரிட்லி ஸ்காட் 'பிளேட் ரன்னர்' ஆக்கினார். நாவலில் மிருகங்கள் அநேகமாக அழிந்துபோய்விட்டன. உயிருள்ள ஆடு ஒன்று வைத்திருப்பதுதான் அந்தஸ்து. கதாநாயகன் மொட்டை மாடியில் மின்சார ஆடு ஒன்றை வைத்துக்கொண்டு வெட்கப்பட்டுச் சாகிறான். நாவலின் தலைப்பிலேயே அந்த ஆடு இருக்கிறது. படத்தில் ஆடும் இல்லை, தலைப்பும் இல்லை. என் கணக்குப்படி நான் கொதித்திருக்க வேண்டும். கொதிக்கவில்லை. மனிதனையும் மனிதனைப் போல் செய்ததையும் எதை வைத்துப் பிரிப்பது என்ற கேள்வி மட்டும் சேதமில்லாமல் வந்து சேர்ந்திருந்தது. மாற்றங்களின் எண்ணிக்கைக்கும் ஏமாற்றத்துக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குப் புரிய ஆரம்பித்தது அந்தப் படத்தில்தான். கிளார்க்கின் '2001' நாவலில் கப்பல் சனிக்குப் போகிறது, படத்தில் வியாழனோடு நின்றுவிடுகிறது என்று சண்டை போட்டவர்களும் உண்டு. நான் அந்த அளவுக்குப் போனதில்லை. கிட்டே போயிருக்கிறேன்.

சரி, விடுதிச் சண்டைக்குத் திரும்புகிறேன். அந்தப் பெயர் விஷயம் நினைவிருக்கிறதா? ரேயா, ஹாரி, ஸ்னோ, ஸ்னாட். பல வருஷம் கழித்து ஒரு கட்டுரையில் படித்தேன். நாங்கள் படித்த ஆங்கில 'சோலாரிஸ்' 1970-இல் வந்த மொழிபெயர்ப்பு. அது போலிஷ் மொழியிலிருந்து நேராக வந்ததல்ல. போலிஷிலிருந்து பிரெஞ்சுக்குப் போய், பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. லெம்முக்கு அதிலும் திருப்தி இல்லை. போலிஷ் மூலத்தில் அவள் பெயர் ஹாரே. அவர் பெயர் ஸ்னாட். பெயரை மாற்றியது தார்க்கோவ்ஸ்கி இல்லை, என் கையிலிருந்த புத்தகம்! படம்தான் மூலத்தோடு ஒத்துப்போயிருக்கிறது. என் நோட்டில் முதல் இரண்டு குற்றச்சாட்டுகளும் அங்கேயே தள்ளுபடி. மூலம், மூலம் என்று மார் தட்டியவன் மூலத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. போலிஷிலிருந்து நேரடியான ஆங்கில மொழிபெயர்ப்பு 2011-இல்தான் வந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் இன்றைக்கு இங்கே வந்திருக்கிறேன்.

2009-இல் என் அப்பா காலமானார். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேச மாட்டார். எனக்கும் அவருக்கும் கடைசி ஐந்தாறு வருஷம் ஒரு வீட்டு விவகாரத்தில் மனஸ்தாபம். பேசித் தீர்த்திருக்கலாம், தீர்க்கவில்லை. அடுத்த வருஷம் ஒரு மழை நாளில், வீட்டில் யாரும் இல்லாதபோது, பையன் வாங்கி வைத்திருந்த டிஸ்க்குகளில் இந்த 'சோலாரிஸ்' கிடைத்தது. போட்டுப் பார்த்தேன். முப்பது வருஷம் கழித்து. இந்த முறை கார் போகும் காட்சியில் கத்தவில்லை.

கடைசிக் காட்சி வந்தது. நான் 1980-இல் கவனிக்காத ஒன்று அதில் இருந்தது. கெல்வின் ஜன்னல் வழியாகப் பார்க்கிறார் அல்லவா? வீட்டுக்குள்ளே மழை பெய்கிறது. வெளியே அல்ல, உள்ளே. அப்பாவின் தோளில் தண்ணீர் கொட்டுகிறது, ஆவி பறக்கிறது. அவர் அது தெரியாத மாதிரி எதையோ அடுக்கிக்கொண்டிருக்கிறார். கடல் அந்த வீட்டைக் கெல்வினின் நினைவிலிருந்து செய்திருக்கிறது. மழையும் நினைவில் இருந்தது, வீடும் இருந்தது. மழை கூரைக்கு வெளியே பெய்ய வேண்டியது என்பது மட்டும் அதற்குத் தெரியவில்லை.

லெம்முடைய கடல் அதுதான். எதையும் புரிந்துகொள்ளாமல் எல்லாவற்றையும் செய்துகொடுக்கும் கடல். அந்த மெல்லிய காற்று இடைவெளியைப் படத்திலிருந்து தூக்கிவிட்டார்கள் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேனே, அது அங்கேதான் இருந்தது. அப்பாவின் முதுகில் கொட்டிக்கொண்டிருந்தது. நான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை.

டிஸ்க்கை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அவனுக்குப் போன் போட்டேன். இடைப்பட்ட வருஷங்களில் நாங்கள் பேசாமல் இல்லை. கல்யாணம், காதுகுத்து என்று போய் வந்துகொண்டுதான் இருந்தோம். அந்த ஒரு விஷயத்தை மட்டும் இருவரும் தொட்டதில்லை.

"டேய், அன்னிக்கு நான் சொன்னது தப்புடா."

"எது?"

"சோலாரிஸ்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு சொன்னான்: "நாவல்ல அப்பா கிடையாதுன்னு எனக்கும் தெரியும்டா. நானும்தானே படிச்சேன். நான் அழுதிட்டிருந்தேன், நீ அத்தியாயம் சொன்னே."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை.

இதைக் கேட்டுவிட்டு நான் கட்சி மாறிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். லெம் பக்கம்தான் இருக்கிறேன். ஒரு கிரகத்து உயிரை மனிதனின் மனக்காயத்துக்கு மருந்து தேடும் இடமாகச் சுருக்கியது நஷ்டம்தான். அந்தக் கடல் நமக்காக இல்லை, நம்மைப் பற்றியதும் இல்லை என்பதுதான் நாவலின் பெருமை. அந்த நூலகப் பக்கங்கள் இல்லாமல் அது முழுசாகக் கிடைக்காது. தார்க்கோவ்ஸ்கிக்கே இந்தப் படத்தில் திருப்தி இல்லை. விண்கலம், கருவி என்ற விஞ்ஞானக் கதைச் சாமான்கள் தன் காலை வாரிவிட்டதாக அவர் நினைத்தார். அந்தச் சாமான்கள்தான் எனக்குப் போதவில்லை. அவருக்கு அதிகம், எனக்குக் குறைவு. என்ன செய்வது!

இன்றைய மாணவர்களுக்கு எங்கள் காலத்துக் கஷ்டம் இல்லை. படம் முதலில் வந்து சேர்ந்துவிடுகிறது, புத்தகம் பிறகு, அல்லது வருவதே இல்லை. என் பேத்தி 'டியூன்' படம் பார்த்துவிட்டு நாவலைக் கேட்டாள். வாங்கிக் கொடுத்தேன். நூறு பக்கத்தில் நிமிர்ந்து, "தாத்தா, படத்துல இது இல்லையே, இவங்களா சேர்த்துட்டாங்களா?" என்றாள். சேர்த்தது புத்தகம் என்று நினைத்துவிட்டாள். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு ரேயாவும் ஹாரியும் நினைவுக்கு வந்தார்கள். வாயை மூடிக்கொண்டு மேலே படிக்கச் சொன்னேன்.

நேரம் ஆகிவிட்டது என்று செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஒரே ஒரு அறிவிப்பு. அந்தப் பின்னட்டை இல்லாத 'சோலாரிஸ்' பிரதியை 1980-இல் கோபத்தோடு அவன் தன் பெட்டியில் வைத்துப் பூட்டினான். இன்று காலை டிபன் சாப்பிடும்போது பையிலிருந்து எடுத்து வைத்தான். முன்னட்டையும் இப்போது இல்லை. அதைப் பைண்டு பண்ணி, புதிய மொழிபெயர்ப்போடு சேர்த்து நம் கல்லூரி நூலகத்துக்குக் கொடுப்பதாக இருக்கிறோம். கூடவே படத்தின் டிஸ்க்கையும் வைத்தால்தான் கையெழுத்துப் போடுவேன் என்கிறான் அவன். வைக்கலாம், ஆனால் புத்தகத்தைப் படித்து முடித்தவர்களுக்குத்தான் டிஸ்க் கொடுக்க வேண்டும் என்பது என் நிபந்தனை. அவன் ஒப்புக்கொள்ளவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நூலகர் அம்மாவிடம் பஞ்சாயத்து வைத்திருக்கிறோம். வர விருப்பமுள்ளவர்கள் வரலாம்.